சூரிய பம்புசெட்: மிச்ச மின்சாரத்துக்கு விலை வேண்டும்

சூரிய ஒளி பம்புசெட்டுக்கு அரசு மானியம் தருகிறது. நல்லதுதான். டீசல் செலவில்லை, மோட்டார் போட நடுராத்திரியில் டார்ச் விளக்கோடு வரப்பில் நடக்க வேண்டியதில்லை, பாம்புக்குப் பயமில்லை. ஆனால் பாசனம் இல்லாத நாட்களில் தகடுகள் வெயிலில் வீணே கிடக்கின்றன. காசில்லாத மின்சாரம்தானே என்று ஓடவிட்டாலோ, கிணறு வற்றும்.

குஜராத் கேடா மாவட்டத்தில் துண்டி என்றொரு சிற்றூர். 2016-ல் அங்கே ஆறு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தம் சூரிய பம்புசெட்டுகளை மின்கம்பியோடு இணைத்தார்கள். பாய்ச்சியது போக மிஞ்சியதை மின் கம்பெனி யூனிட் ரூ.4.63-க்கு வாங்கியது. கூடுதலாக இறைத்தால் விற்கிற காசு குறையும், கணக்கு எளிது.

ஆனால் 25 ஆண்டுகளுக்கு மானிய மின் இணைப்பு கேட்பதில்லை என்றும் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்த நிபந்தனை நமக்கு ஆகாது. நாலு நாள் மூட்டம் போட்டால் நாற்றங்காலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

மத்திய அரசின் 2019-ம் ஆண்டு குசும் திட்டத்தில், இருக்கிற பம்புசெட்டோடு தகட்டை இணைத்து மிச்சத்தை விற்கவும் வழியுண்டு. கையெழுத்துப் போடுமுன் யூனிட் விலை என்ன, பணம் எந்தத் தேதியில் வரும், இலவச இணைப்பு நிலைக்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.