பொத்தானும் கட்டளையும்

அண்ணனூர் ரயில் நிலையத்திலிருந்து அம்பத்தூர் போகிறவர் கவுண்ட்டரிலும் டிக்கெட் எடுக்கலாம், கைபேசியிலும் எடுக்கலாம். எங்கே எடுத்தாலும் அது அம்பத்தூர் டிக்கெட்தான். கைபேசியில் எடுத்தவருக்கு மட்டும் ஆவடி டிக்கெட் வந்தால் பயணிகள் சும்மா இருப்பார்களா?

கம்ப்யூட்டர் வேலையிலும் இந்த நியாயம் வேண்டும்.

அம்பத்தூருக்கு ரயிலேறும் நம் பிள்ளைகளில் புரோகிராம் எழுதுகிறவர்களும் உண்டு. எழுதியதை அவர்கள் நாள்தோறும் திருத்துவார்கள். இன்று செய்த திருத்தம் கெடுதலாகிவிட்டால், நேற்றைய பிரதியைத் திரும்ப எடுக்கவேண்டும். யார், எதை, எப்போது மாற்றினார் என்று காட்ட ஒரு பேரேடு தேவை. அந்தப் பேரேடுதான் 'கிட்'. லினக்ஸைப் படைத்த லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் இதை உருவாக்கினார். இன்று உலகெங்கும் இது புழங்குகிறது.

கிட்டுக்கு வேலை சொல்ல இரண்டு வழிகள் உண்டு. கட்டளையை எழுத்தாகத் தட்டுவது ஒன்று. புரோகிராம் எழுதும் 'எடிட்ட'ரில் உள்ள பொத்தானை அமுக்குவது மற்றொன்று. பொத்தானுக்குப் பின்னால் 'பிளக்கின்' என்னும் துணைப் புரோகிராம் இருக்கிறது. நாம் சொன்னதைக் கிட்டிடம் கொண்டுபோகும் தூதன் அது. தூதன் கூட்டிச் சொன்னால் என்ன ஆகும்?

2017-ல் அதுதான் நடந்தது. மைக்ரோசாப்டின் 'விஷுவல் ஸ்டுடியோ கோட்' எடிட்டரில் ஒருவர், 'மாற்றங்களைத் தள்ளிவிடு' என்ற பொருளுள்ள பொத்தானை அமுக்கினார். மூன்று மாத உழைப்பான சுமார் 5,000 கோப்புகள் அழிந்துவிட்டதாக அவர் கதறினார். அவை பேரேட்டில் இன்னும் பதியாதவை.

கட்டளை வழியில் அது அத்தனை எளிதில் நடக்காது. மாற்றத்தைத் தள்ளும் 'செக்அவுட்' கட்டளை, பதியாத புதுக்கோப்பைத் தொடாது. அதை அழிக்க 'கிளீன்' என்று தனிக் கட்டளை உண்டு. அதுவும், 'கட்டாயம் செய்' என்று அழுத்திச் சொன்னாலொழிய வழக்கமாக மறுத்துவிடும். பொத்தானோ இரண்டு வேலையையும் ஒரே அமுக்கில் செய்தது. 'திரும்பப் பெற முடியாது' என்று எச்சரித்தது உண்மைதான். ஆனால் 'மாற்றம்' என்றால் புதுக்கோப்பும் சேர்ந்ததே என்று யாருக்குத் தோன்றும்? பின்னர் அந்த எச்சரிக்கையைத் தெளிவாக மாற்றி எழுதினார்கள்.

பொத்தான் கூடாது என்பதல்ல நம் வாதம். புதிதாகக் கற்பவருக்கு அது பெரிய உதவி. ஆனால் பொத்தானும் கட்டளையும் ஒரே பெயரில் ஒரே வேலையைச் செய்யவேண்டும். கூடுதலாக ஏதேனும் செய்வதானால், என்ன அழியும் என்பதை முன்கூட்டியே சொல்லவேண்டும். எந்தக் கட்டளை ஓடுகிறது என்பதையும் கண்முன் காட்டவேண்டும். கற்பிக்கும் நிலையங்கள் இரண்டு வழிகளையும் சேர்த்தே சொல்லித் தரட்டும்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: முதலில் பேரேட்டில் பதியுங்கள், பிறகு பொத்தானைத் தொடுங்கள். மாதக்கணக்கில் பட்ட பாடு ஒரு விரல் அமுக்கில் போகலாமா?