வீழ்ந்தெழுதலும் விளையாட்டே

விழா மலர்கள் பெரும்பாலும் வெற்றியின் கணக்கேடுகளே. எந்த ஆண்டில் எந்தக் கேடயம் கல்லூரிக்கு வந்தது, எவர் தலைமையில் எந்த அணி வென்றது, ஓட்டத்திலும் பாய்தலிலும் எவரெவர் நிலைநாட்டிய சாதனைகள் இன்னும் முறியடிக்கப்படாதிருக்கின்றன என்பனவெல்லாம் இவற்றிலே நிரல்பட விளங்கும். அது வேண்டுவதுமாம். ஆயினும், அதே அணிகளிலே ஆடிக் காலொடிந்தோர் எத்துணைபேர், அவருள் மீண்டும் திடலுக்கு வந்தோர் யாவர், வாராதொழிந்தோர் யாவர் என்று வினவினால், விடைபகரும் ஏடு பாடசாலைகளிலே கிடைத்தலரிது. வெற்றி எழுதப்படுகின்றது; காயம் மறக்கப்படுகின்றது. இது முறையன்று என்பதே இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது.

எழுதிவைத்தலின் அருமையை அலுவிகாரையிலே வாழும் எமக்குப் பிறர் வந்து கூறவேண்டுவதில்லை. மாத்தளைப் பட்டினத்துக்கு வடக்கே ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் தொலைவிலுள்ள இவ்வூர்க் குகைகளிலேதான், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபய மன்னன் காலத்திலே, அதுவரை வாய்மொழியாகப் பேணப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டதென்பது மரபு. போரும் பஞ்சமும் வந்து மனனஞ்செய்தோர் மாண்டால் நூலும் உடன் மாண்டுபோம் என்ற அச்சமே அப்பெருமுயற்சிக்குக் காரணமாயிற்று. ஏட்டில் ஏறாதது அழியும் என்னும் அப்பாடம் சமயநூல்களுக்கு மட்டும் உரியதன்று. ஒரு கல்லூரியின் அநுபவத்துக்கும் உரியது.

விளையாட்டைப் பிழைப்பாகக் கொள்ளாது அன்பினால் மட்டும் பயில்பவனையே அமெச்சூர் என உலகம் வழங்கிற்று. நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்கள் 1958ஆம் ஆண்டு டோக்கியோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலே உயரம் பாய்தலிற் பொற்பதக்கம் பெற்றார். அவ்விழாக்களில் இலங்கைக்குக் கிட்டிய முதற் பொற்பதக்கம் அதுவே. அப்பெருமையை அவர் பிழைப்பாக்கிக் கொள்ளவில்லை. கல்வித்துறையிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார். எமது கல்லூரியில் விளையாடும் மாணாக்கர் அனைவரும் இவ்வகுப்பினரே. தொழில்முறை வீரன் வீழ்ந்தால் அவனைத் தாங்க வைத்தியரும் பயிற்சியாளரும் காப்புறுதிப் பணமும் உள. அமெச்சூர் வீழ்ந்தால் அவனுடைய தாயும், வாடகைக்குப் பிடித்த ஓட்டோவும், அரசாங்க வைத்தியசாலையின் நீண்ட வாங்குமே உள. ஆதலின் காயத்திலிருந்து மீளும் கலையை அறிந்துகொள்ளவேண்டிய தேவை தொழில்முறை வீரனிலும் அமெச்சூருக்கே மிகுதி.

இக்கால மாணாக்கர் நன்கறிந்த ஒருவரை ஈண்டு எடுத்துக்காட்டுவோம். திரைப்பட நடிகரான அஜித்குமார் அவர்களைக் கல்லூரி மலரிலே பேசுவதா என்று மூத்தோர் சிலர் முகஞ்சுளித்தல் கூடும். நாம் அவருடைய நடிப்பைப் பேசவில்லை. நடிப்பைத் தொழிலாகவும் மோட்டார்ப் பந்தயத்தை விருப்பாகவும் கொண்ட அமெச்சூரையே பேசுகின்றோம். இளமையில் மோட்டார் சைக்கிள் திருத்தும் பட்டறையிலே தொழில் பயின்றவர் அவர். முதுகில் நேர்ந்த காயங்களுக்காகப் பன்முறை சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். 2003இல் ஆசிய போர்முலா பி.எம்.டபிள்யூ. பந்தயங்களிலும், 2010இல் போர்முலா இரண்டு பந்தயங்களிலும் ஓடினார். பின்னர் நெடுங்காலம் பந்தயத் தடங்களில் அவரைக் காணோம். ஐம்பது வயதைக் கடந்தபின், துவிச்சக்கரவண்டியோட்டமும் நீச்சலும் முதலிய பயிற்சிகளால் உடலைப் பதப்படுத்திக்கொண்டு, 2025 ஜனவரியில் துபாயில் நடந்த இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்துக்குத் தமது சொந்த அணியுடன் வந்து நின்றார்.

அங்கு நடந்ததே எமது கருத்துக்கு அடிப்படை. பந்தயத்துக்குச் சில நாள் முன்னர், பயிற்சியோட்டத்தின்போது அவருடைய கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அவர் நடந்தே வெளிவந்தார். அதன்பின், தமது அணியின் முதன்மைக் காரைத் தாம் ஓட்டுவதில்லையென முடிவு செய்து, அதனை அணியின் ஏனைய ஓட்டுநரிடம் விட்டார். தாம் வேறொரு வகுப்பிலே, வேறொரு காரில் மட்டும் ஓடினார். அவருடைய அணி தன் வகுப்பில் மூன்றாமிடம் பெற்றது. அணியின் உரிமையாளர் அவரே. ஓட்டுவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்திருந்தால் தடுப்பார் எவருமிலர். ஆசனத்தை விட்டு இறங்கத் தெரிந்தமையே அன்று அவர் காட்டிய விளையாட்டுத் திறன் என்போம். முழங்கால் வீக்கத்தை மறைத்துக்கொண்டு இறுதியாட்டத்தில் இறங்கும் எமது மாணாக்கனும், அவனை இறங்கவிட்டு வீரன் எனப் புகழும் நாமும் சிந்திக்கவேண்டிய செய்தி இது.

மீளுதலுக்குக் காலம் வேண்டும். போலந்து நாட்டவரான ரொபேட் குபித்சா 2008இல் கனடாவிற் போர்முலா ஒன்று பந்தயத்தை வென்றவர். 2011 பெப்ரவரியில், தம் விருப்பின்பேரில் இத்தாலியிலே ஒரு சிறிய ராலிப் பந்தயத்திற் கலந்துகொண்டபோது, பாதையோரத்து இரும்புத் தடுப்பு காரினுள்ளே பாய்ந்து அவருடைய வலக்கை சிதைந்தது. போர்முலா ஒன்று தடத்துக்கு அவர் பந்தய வீரராக மீண்டது 2019இலே. 2025 ஜூனில் லெமான்ஸ் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தை வென்ற மூவருள் அவரும் ஒருவர். விபத்துக்கும் அவ்வெற்றிக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள் சென்றன. எமது திடல்களிலோ, கணுக்கால் பிசகியவனுக்குப் பதினான்கு நாள் கொடுக்கவும் மனம் வருவதில்லை.

உடலின் கணக்கு நமது பந்தய அட்டவணையைப் பாராது. முழங்காலின் பிணைநார் அறுந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டவன் ஒன்பது மாதங்கள் நிறையுமுன் ஆடப்புகுந்தால், அது மீண்டும் அறுவதற்கு இடமுண்டு. கட்டுப்போட்டு அசையாது வைத்த காலின் தொடைத்தசை சில வாரங்களிலேயே மெலிந்துவிடும். மூட்டு ஆறினாலும், தசை தேறாத காலில் ஓடுவது ஆபத்து. தலையில் அடிபட்டு மயங்கினவனோ தடுமாறினவனோ அன்றைய ஆட்டத்துக்குத் திரும்பவே கூடாது. இவ்விடத்திலேதான் துவிச்சக்கரவண்டியின் அருமை விளங்குகின்றது. உடற்பாரத்தை ஆசனம் தாங்குதலின், ஓட்டத்திற்போல முழங்கால் ஒவ்வோரடிக்கும் அதிர்வதில்லை; தொடைத்தசை வளரும்; மூச்சும் நெஞ்சும் பலப்படும். வைத்தியர் இசைந்தபின், ஓரிடத்தில் நிறுத்திய வண்டியிலே மெல்ல மிதிக்கத் தொடங்குதல் மீளுதலின் முதற்படிகளுள் ஒன்று. தொடங்கிய வண்டியே மீட்கும் வண்டியுமாகின்றது.

இதனை உலகறிய மெய்ப்பித்தவர் இத்தாலியரான அலெக்ஸ் ஸனார்டி. அமெரிக்க மோட்டார்ப் பந்தயத்தில் 1997இலும் 1998இலும் முதன்மை வீரராக விளங்கிய அவர், 2001 செப்டெம்பர் 15ஆம் நாள் ஜெர்மனியின் லவுசிற்ஸ் தடத்தில் நேர்ந்த மோதலில் இருகால்களையும் இழந்தார். 2003இல் அதே தடத்துக்குச் சென்று, கையால் இயக்கும் காரிலே, அன்று ஓடாமல் விடுபட்ட பதின்மூன்று சுற்றுகளையும் ஓடி முடித்தார். 2005இல் மீண்டும் பந்தயம் ஒன்றை வென்றார். பின்னர், கைகளாற் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கரவண்டியைப் பயின்று, 2012ஆம் ஆண்டு இலண்டன் பராலிம்பிக்கில் இரண்டு பொற்பதக்கங்களும், 2016இல் ரியோவில் மேலும் இரண்டும் பெற்றார். இலண்டனில் அவ்வோட்டங்கள் நடந்த இடம் பிராண்ட்ஸ் ஹட்ச் என்னும் மோட்டார்ப் பந்தயத் தடமே என்பதும் நினையத்தக்கது.

ஆனால் அவருடைய வரலாற்றில் மற்றுமொரு நாள் உண்டு. அதனை மறைத்தெழுதுதல் நேர்மையன்று. 2020 ஜூனில், தஸ்கனியின் பொதுச்சாலையில் தம் கைவண்டியை ஓட்டிச் செல்கையில், எதிர்வந்த லொறியுடன் மோதித் தலையிற் கடுங்காயமுற்றார். பந்தயத் தடத்தில் உயிருக்குப் போராடியபோது அவரைக் காத்தவர் அங்கு ஆயத்தமாக நின்ற வைத்தியர். பொதுச்சாலையிலோ லொறிகள் விளையாட்டை அறியா.

இது எமக்கு அயலார் கதையன்று. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 நெடுஞ்சாலை அலுவிகாரையை ஊடறுத்தே செல்கின்றது. தம்புள்ளைக்குச் செல்லும் மரக்கறி லொறிகளும் தூரப் பிரயாண பஸ்களும் ஓடும் அச்சாலையின் ஓரத்திலேதான் எமது சிறுவர் துவிச்சக்கரவண்டியில் வகுப்புக்கு வருகின்றனர். சிறிது வளர்ந்ததும் சிலர் மோட்டார் சைக்கிளில் ஏறுகின்றனர். ஏறியதும் பந்தய வீரராகி விடுகின்றனர். பந்தய வீரன் தலைக்கவசமின்றித் தடத்திற் காலெடுத்து வையான் என்பதும், தன் வண்டியைச் சோதியாமல் ஓட்டான் என்பதும், கொடி காட்டினால் வேகத்தைக் குறைப்பான் என்பதும் அவர்தம் கண்ணுக்குப் புலனாவதில்லை. வேகம் ஒன்றையே கண்டு, வேகத்தைச் சூழ்ந்துள்ள ஒழுக்கத்தைக் காணாதவர் பந்தயத்தைக் கண்டவரல்லர்.

தடமாயினும் ஒழுங்கு தளர்ந்தால் என்னாகும் என்பதை 2024 ஏப்ரல் 21ஆம் நாள் தியத்தலாவையிலே கண்டோம். பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர் நடுவே பாய, ஒரு சிறுமி உட்பட எழுவர் உயிரிழந்தனர். இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934 முதலாக வரலாறுடையது. மோட்டார்ப் பந்தயம் இந்நாட்டுக்குப் புதிதன்று. பழக்கம் முதிர்ந்ததென்று காவலைத் தளர்த்தலாகாது என்பதே தியத்தலாவை உணர்த்தும் பாடம்.

மோட்டார்ப் பந்தயம் செல்வர்தம் விளையாட்டு. ஒரு கிராமப்புறக் கல்லூரி அதுபற்றிப் பேசுவதேன் என்று கேட்பார் உளர். கல்லூரி மோட்டார்ப் பந்தயம் நடத்த வேண்டுமென நாம் கூறவில்லை. அவ்வீரரின் வாழ்விலே ஏழை மாணாக்கனும் எடுத்துக்கொள்ளத்தக்கது எதுவோ அதனையே கூறுகின்றோம். காருக்குப் பணம் வேண்டும். பொறுத்திருந்து மீள்வதற்குப் பணத்திலும் மேலாகச் சூழவுள்ளோரின் துணை வேண்டும். அத்துணையைக் கல்லூரி கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். காயம்பட்டவனைத் திடலுக்கு வெளியே விட்டுவிட்டால், அவன் விளையாட்டை மட்டுமன்றிச் சில வேளை படிப்பையும் விட்டுவிடுகின்றான்.

ஆதலின் இவ்விழாவாண்டிலே நான்கு காரியங்களை முன்வைக்கின்றோம். முதலாவது, காயப் பதிவேடு ஒன்று தொடங்கப்படுக: எவனுக்கு, எந்நாள், எவ்வாட்டத்தில், எவ்வுறுப்பிற் காயம் நேர்ந்தது, அவன் என்று மீண்டான் என்பன அதில் எழுதப்படுக. ஐந்தாண்டு ஏட்டைப் புரட்டினால், திடலின் எந்த மேடும் பள்ளமும் கால்களை முறிக்கின்றன என்பது தானே விளங்கும். இரண்டாவது, வைத்தியரின் எழுத்துமூலமான இசைவின்றி, அணித்தலைவனாயினும் எவனும் மீண்டும் இறக்கப்படலாகாது. மூன்றாவது, காயமுற்றவன் அணியிலிருந்து நீக்கப்படாது, கணக்கெழுதுபவனாகவோ பயிற்சியாளருக்குத் துணைவனாகவோ அணியுடனேயே இருக்கச் செய்க. மீண்டு வந்தவன் பெயரைப் பரிசளிப்பு விழாவிலே வென்றவன் பெயருடன் சேர்த்து அழைக்க. நான்காவது, பழைய மாணவர் சங்கம் மற்றுமொரு கேடயம் வழங்க எண்ணுமாயின், அதற்கு ஈடாக நிறுத்திவைத்து மிதிக்கும் துவிச்சக்கரவண்டிகள் இரண்டும், துவிச்சக்கரவண்டியில் வரும் சிறுவர்க்குத் தலைக்கவசங்களும் வாங்கி அளிக்குமாக.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. பதிவேட்டுக்கு ஒரு கொப்பியும் பொறுப்பான ஓர் ஆசிரியரும் போதும். அடுத்த விழா மலரைத் தொகுக்க வருவோர், எமது வெற்றிகளை எண்ணும்போதே, எத்தனை பிள்ளைகளை வீழ்ந்த இடத்திலே விட்டுவிடாது தூக்கி நிறுத்தினோம் என்பதையும் எண்ணிப் பார்ப்பர். அக்கணக்கை அவர்கள் கையிற் கொடுக்கவேண்டியவர் நாமே. அதன் முதல் வரியை இத்தவணையிலேயே எழுதலாம்.