யார் ஓசிப் பயணி?

விலை கொடாதவரையும் விலக்க இயலாத பண்டமே பொதுப் பண்டம். பிறர் கொடுக்கட்டும் என ஒவ்வொருவரும் காத்திருப்பர். முடிவில் எவரும் கொடார். முதலாளித்துவப் பொருளியல் இதனை ‘ஓசிப் பயணிச் சிக்கல்’ என்கிறது. 1965இல் அமெரிக்கப் பொருளியலாளர் மான்கர் ஓல்சன் இவ்வம்பைத் தொழிற்சங்கத்தின் மீது எய்தார். கட்டாயமோ தனிச் சலுகையோ இன்றிப் பெருந்திரள் பொதுநலனுக்காகப் போராடாது. ஆகவே மார்க்சின் வர்க்கக் கோட்பாடு நில்லாது என்பது அவர் வாதம்.

2016 ஏப்ரலில் பெங்களூரு இதற்கு விடையளித்தது. வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்கலாகாது என அவ்வாண்டு பிப்ரவரியில் ஒன்றிய அரசு விதி வகுத்தது. வேலையை விட்டதும் அந்தத் தொகையைக் கொண்டு கடன் அடைப்பவர், பிள்ளைகளின் படிப்புச் செலவைச் சமாளிப்பவர் ஆயத்த ஆடைத் தொழிலாளர். ஏப்ரல் 18 அன்று ஓசூர் சாலை ஆலைகளிலிருந்து பெண்கள் திரளாகத் தெருவுக்கு வந்தனர். விதியை ஒத்திவைக்கிறோம் என்ற அரசின் சமாதானம் எடுபடவில்லை. மறுநாள் போராட்டம் பீன்யா வரை பரவியது. தடியடியும் கண்ணீர்ப்புகையும் அவர்களைக் கலைக்கவில்லை. அன்று மாலையே விதி திரும்பப் பெறப்படுவதாக ஒன்றியத் தொழிலாளர் நல அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா அறிவித்தார்.

அவர்களுள் பெரும்பாலோர் எச்சங்கத்திலும் உறுப்பினர் அல்லர். அவர்களைக் கட்டாயப்படுத்தியவர் இல்லை. தனிச் சலுகை காட்டியவரும் இல்லை. எனினும் அவர்கள் வென்ற உரிமை நாடெங்கும் வைப்பு நிதி உறுப்பினர் கோடிக்கணக்கானோருக்குக் கிட்டியது.

‘சந்தா கட்டாதவனும் ஊதிய உயர்வை வாங்கிக்கொள்கிறானே’ என்று கிளைக் கூட்டங்களில் குறைபடும் தோழர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். உறுப்பினர் அட்டை வைத்திருந்தோர் அன்று தெருவில் இறங்காமலே பயன் பெற்றனர். அட்டை இல்லாத பெண்கள் தடியடி பட்டனர். இதில் ஓசிப் பயணி யார்?

ஓல்சனின் வாதத்தில் ஒரு கூறு மட்டும் எஞ்சுகிறது. பயன் கோடிப் பேருக்கு. கைதும் வழக்கும் கூலியிழப்பும் சிலருக்கு. இரண்டு நாள் எழுச்சி இச்சுமையைப் பங்கிட்டுக் கொள்ளாது. நிலைத்த சங்கமே அதைச் செய்யும். உழைப்பாளி தன்னலமி என்பது அல்ல இதன் பொருள். அமைப்பின் பணி இன்னும் முடியவில்லை என்பதே.

ஆகவே தோழர்களே, சந்தா கட்டாதவரைப் பழிப்பதை விடுவோம். ஆயத்த ஆடை ஆலைகளின் வாயில்களுக்குச் செல்வோம்; அப்பெண்களின் மொழியில் பேசுவோம்; அவர்களைத் தலைமைக்குக் கொணர்வோம். 2016இல் நாம் செய்த பயணத்துக்கு இன்னும் கட்டணம் செலுத்தவில்லை.