பட்டறை போட்டாச்சா?

பொங்கலூர்ப் பக்கம் வந்திருக்கீங்களா? கோவையில இருந்து திருச்சி போற ரோட்டுல, பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவுல ஜன்னலோர சீட்டுல தூங்கிட்டே தாண்டிப் போயிருப்பீங்க. அதான் நம்ம ஊரு. ஒரு பக்கம் தறி, பனியன்; இன்னொரு பக்கம் சின்ன வெங்காயம்.

இந்த வாரம் மேட்டரே வெங்காயம்தான் (கர்ச்சீப் ரெடியா?). அறுவடை சமயத்துல எல்லாரும் ஒண்ணா மார்க்கெட்டுக்குப் போனா விலை படுத்துடும். அதனால காட்டுலயே பட்டறை போடுவாங்க. தரையில இருந்து கொஞ்சம் உசரமா ஒரு மேடை, அடியில காத்து புகுந்து போக வழி, மேல ஓலை. விலை ஏறினா விக்கலாம், அடுத்த நடவுக்கு விதையும் ஆச்சு. ஒரே கண்டிஷன், வெங்காயம் நல்லா காய்ஞ்சிருக்கணும். ஈரத்தோட போட்டீங்கன்னா அழுகி ஊரே நாறும்.

எனக்கு இந்தப் பட்டறை ஞாபகம் வந்த கதையைக் கேளுங்க. 2025 ஆகஸ்ட் 27-ல இருந்து இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா வரியை 50 சதவீதமா ஏத்துச்சு. அப்பா ஒரு பனியன் கம்பெனியில டெய்லர். தினம் ஒன்றரை ஷிப்ட் பார்த்துட்டிருந்தவருக்கு வாரம் மூணு நாள்தான் வேலைன்னு ஆகிடுச்சு. சனிக்கிழமை சம்பளத்தை எண்ணிப் பார்த்துட்டு அம்மா எதுவும் பேசலை. எனக்கோ செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம்.

அன்னிக்கு ராத்திரி ஜெபம் பண்ண உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை வரலைங்க! யோசிச்சுப் பார்த்தா, இத்தனை வருஷமா நான் பண்ணின ஜெபமெல்லாம் ‘ஆண்டவரே, இந்த ஒரு பேப்பர் மட்டும்’ ரகம்தான். யூத் கேம்ப் போயிட்டு வந்து ரெண்டு நாள் பறப்பேன், மூணாம் நாள் புஸ்ஸ். ஈர வெங்காயம்!

அதே வீட்ல எங்க அம்மாயி இருக்குது. ரெண்டு கண்ணுலயும் புரை, பைபிள் எழுத்து தெரியாது. ஆனா விடியக்காலம் இருட்டுல உட்கார்ந்து சங்கீதம் 121-ஐ முழுசா சொல்லும், அப்புறம் 23, அப்புறம் 91. “எப்படி அம்மாயி?”ன்னேன். “பார்வை நல்லா இருக்கறப்பவே எடுத்து வெச்சுக்கிட்டேன் தங்கம்”னுச்சு. கம்பெனியில பிசிறு வெட்டப் போன காலத்துல, தினம் ஒரு வசனமா மனப்பாடம் பண்ணுமாம்.

திருநெல்வேலிப் பக்கம் டோனாவூர்ல ஏமி கார்மைக்கேல்னு ஒரு அம்மா இருந்தாங்க. அயர்லாந்துல பிறந்தவங்க. ஆதரவில்லாத குழந்தைங்களை எடுத்து வளர்த்தே ஓடிட்டிருந்தவங்க. 1931 அக்டோபர்ல ஒரு சாயங்காலம், களக்காட்டுல குழிக்குள்ள விழுந்து கால் உடைஞ்சு போச்சு. வயசு 63. அதுக்கப்புறம் 1951 ஜனவரியில சாகுற வரைக்கும், கிட்டத்தட்ட 20 வருஷம், பெரும்பாலும் ஒரே ரூம்தான். ஆனா 1933-லயே, வியாதியில படுத்திருக்கிறவங்களுக்காக ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’னு ஒரு புத்தகம் வந்துச்சு. படுக்கையில விழுந்த பிறகு தேடிப் பிடிச்ச விசுவாசம் இல்லை அது, ஓடியாடின காலத்துல சேர்த்து வெச்சதுதான்னு எனக்குத் தோணுது.

யோசேப்பு கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஏழு வருஷ நல்ல விளைச்சல்ல அஞ்சுல ஒரு பங்கை ஒதுக்கச் சொன்னவர். நான் அதைவிட அவரோட வயசைத்தான் கவனிச்சேன். 17-ல எகிப்துக்கு வித்துட்டாங்க, பார்வோன் முன்னாடி நின்னப்போ 30. அப்போ நம்ம வயசுல அடிமையாவோ கைதியாவோதான் இருந்திருப்பார். பிளேஸ்மென்ட் வரலைன்னு இப்பவே தாடி வளர்க்கிறவங்க நோட் பண்ணுங்க.

சபைகள்ல லெந்து காலம்னு 40 நாள் வருதே, அதுவும் இந்தப் பட்டறைக் கணக்குதான்னு இப்போதான் புரியுது. சாம்பல் புதன்ல இருந்து ஈஸ்டர் வரைக்கும், ஞாயித்துக்கிழமைகளைக் கழிச்சு 40. வயிறு நிறைஞ்சிருக்கிறப்பவே பசியைப் பழகிக்கிற ஏற்பாடு. நான் இத்தனை நாளா அதை ‘சிக்கன் இல்லாத நாட்கள்’னுதான் நினைச்சிட்டிருந்தேன். பல்லடத்துக்குப் பக்கத்துலயே வீட்டை வெச்சுக்கிட்டு சிக்கனை விடறது சாதாரண தியாகமா, சொல்லுங்க!

நீங்க வேற சாமி கும்பிடறவங்களா? பரவாயில்லை, வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, கஷ்ட காலத்துல எதைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்கன்னு. அவங்க அதை எப்போ கத்துக்கிட்டாங்கன்னும் சேர்த்துக் கேளுங்க.

என் பட்டறை காலேஜ் பஸ்லதான். இயர்போனைக் கழட்டிட்டு பத்து நிமிஷம். அப்பாவுக்கு இந்த வாரம் நாலு நாள் வேலை இருந்துச்சு. ஃபீஸ்ல பாதி கட்டியாச்சு, மீதிக்கு அம்மா சீட்டுப் பணத்தை எதிர்பார்த்துட்டிருக்காங்க. சங்கீதம் 121-ல மொத்தம் எட்டு வசனம், நான் ஆறாவதுல தடுக்கி நிக்கிறேன். தினம் காலையில அம்மாயி வைவா வைக்குது. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர்கூட இவ்வளவு ஸ்ட்ரிக்ட் இல்லைங்க!