முதல் ஆயிரம் கிலோமீட்டர்

சென்ற வாரம் இப்பகுதியில் தையல் மெஷினுக்கு எண்ணெய் விடும் முறையைப் பற்றி எழுதியிருந்தேன். "மோட்டார் சைக்கிளைப் பற்றியும் நாலு வார்த்தை எழுதக் கூடாதா?" என்று நேயர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். எழுதலாமென்று எண்ணிக்கொண்டிருக்கையிலேயே, வெள்ளிக்கிழமை மாலை என் தங்கையின் மகன் புது மோட்டார் சைக்கிளோடு வாசலில் வந்து நின்றான். சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் எல்லாம் ஆகியிருந்தன. யந்திரத்துக்குச் செய்யவேண்டிய உபசாரங்கள் அத்துடன் முடிந்துவிட்டன என்பது அவன் எண்ணம்.

"மாமா, ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ராமேசுவரம் போய்வரப் போகிறேன். மதுரையிலிருந்து 170 கிலோமீட்டர்தானே? இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம்" என்றான்.

மீட்டரைப் பார்த்தேன். 22 கிலோமீட்டர் காட்டிற்று.

"இந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்" என்றேன்.

"ஏன் மாமா? பழைய வண்டியென்றால் பயப்படலாம். இது புத்தம் புதிதாயிற்றே!"

விஷயமெல்லாம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. புது வண்டி என்பது பூரணமாகச் செய்து முடிந்த வண்டி என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதன் கடைசி வேலை ஒன்று பாக்கியிருக்கிறது. அந்த வேலையைத் தொழிற்சாலை நம் கையில் விட்டிருக்கிறது.

சிலிண்டரின் உட்சுவர் நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும். ஆனால் அதில் குறுக்கும் நெடுக்குமாக மிக நுண்ணிய கீறல்களை வேண்டுமென்றே இட்டிருப்பார்கள். எண்ணெய் தங்குவதற்காக ஏற்பட்ட கீறல்கள் அவை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் அந்தச் சுவரில் உராய்ந்து உராய்ந்து, மேடுகள் தேய்ந்து, ஒன்றுக்கொன்று இசைந்துகொள்ள வேண்டும். புதுச் செருப்பு காலுக்குப் பழகுவதைப் போலத்தான். செருப்பு கடித்தால் கொப்புளத்தோடு போகும். இங்கே கடித்தால் யந்திரமே போய்விடும்.

உராய்வு எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாதல்லவா? 1955-ல் ரெட்டிச் நகரத்து இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து மதராஸில் ஒரு கம்பெனி தொடங்கிற்று. அது திருவொற்றியூரில் செய்த பழைய 350 சி.சி. புல்லட்டில் பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 90 மில்லிமீட்டர். நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடினால் பிஸ்டன் 540 மீட்டர் பிரயாணம் செய்கிறது. ஒரு மணி நேரத்தில் 32 கிலோமீட்டருக்கு மேல்! ஒரு சாணைவிடக் குறுகிய இடத்துக்குள்ளேயே, நிமிஷத்துக்கு 6,000 தடவை நின்று திரும்பி, அவ்வளவு தூரம் உராய்கிறது. அன்றியும் அந்தப் புல்லட்டில் சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். சூடேறினால் இரும்பைப்போல் அலுமினியம் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். இடைவெளியோ மயிரிழை. இன்னும் இசையாத புது யந்திரத்தை வெயிலில் முழு வேகத்தில் விரட்டினால் என்ன ஆகும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

எனக்கு ஊகிக்க வேண்டிய அவசியம் இல்லை. 2003-ஆம் வருஷம், வேலையில் சேர்ந்த புதிதில், கடன் வாங்கி ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். தங்கைக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ராமநாதபுரத்து உறவினருக்குப் பத்திரிகை வைக்க அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். சித்திரை வெயில், நீண்டு கிடந்த சாலை, இளம் வயது. கைப்பிடியை முழுக்கத் திருகியவன் திருகியவன்தான். பரமக்குடியைத் தாண்டியதும் யந்திரத்தின் சப்தம் சற்றுக் கம்மிற்று. அது ஓர் எச்சரிக்கை என்று அறியாமல் இன்னும் திருகினேன். பிஸ்டன் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் சுழலாமல் நின்று, வண்டி பாம்புபோல் நெளிந்து சரிந்தது. கிளட்சைப் பிடிக்கவேண்டும் என்ற புத்தி எனக்கு வந்தபோது அப்பா சாலையோரத்து மணலில் கிடந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

கல்யாணத்தன்று மாவுக்கட்டுப் போட்ட கையோடுதான் அவர் தாரை வார்த்துக் கொடுத்தார். விசாரித்தவர்களிடமெல்லாம் "மாடிப்படியில் சறுக்கிவிட்டேன்" என்றே சொன்னார். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

ஆகவே மருமானிடம் இவ்வளவும் சொன்னேன். "அப்படியானால் முதல் ஆயிரம் கிலோமீட்டரும் 30-லேயே ஊர்ந்து போகவேண்டுமா?" என்று அலுத்துக்கொண்டான். அதுவும் தவறு. ஒரே வேகத்தில் மெதுவாக ஓட்டினால் ரிங்குகள் சுவரில் போதிய அளவு அழுந்துவதில்லை. மேடுகள் தேய்வதற்குப் பதில் எண்ணெய் கருகி மெழுகினாற்போல் சுவரில் படிந்துவிடும். அப்புறம் ஆயுள் முழுவதும் அந்த வண்டி எண்ணெயைக் குடிக்கும். வேகத்தை ஏற்றியும் இறக்கியும், கியரை மாற்றி மாற்றியும் ஓட்டவேண்டும். உயர்ந்த கியரில் யந்திரத்தைத் திணறவிடுவது விரட்டுவதைப் போலவே கெடுதல். காலையில் கிளப்பியவுடன் உறுமவிடக் கூடாது; நிறுத்திய இடத்திலேயே கால் மணி ஓடவிடுவதும் வேண்டாம். முதல் 500 கிலோமீட்டரில் பின்னால் ஆளில்லாமல் இருப்பது உத்தமம். எத்தனை வேகம் என்பதைக் கூடவந்த புத்தகத்தில் அச்சிட்டே இருக்கிறார்கள். அந்தப் புத்தகத்தை இவன் உறையிலிருந்தே எடுக்கவில்லை!

முன்காலத்தில் இங்கிலாந்தில் புதுக் கார் வாங்கியவர்கள், "வண்டி பழகுகிறது, தாண்டிச் செல்லுங்கள்" என்ற பொருளில் பின்கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டிக்கொள்வார்கள். இன்று கடைசல் நுட்பம் உயர்ந்துவிட்டதால் பழக்கும் தூரம் குறைந்திருக்கிறது, அறவே ஒழிந்துவிடவில்லை. யந்திரம் மட்டுமல்ல, புது டயரும் முதல் நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் வரையில் வழுக்கும். பிரேக்கும் பழகினால்தான் பிடிக்கும். வளைவில் சாய்த்துக் காட்டும் சாகஸங்களை ஒத்திவைக்கலாம்.

முதல் ஆயில் மாற்றத்தை ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. பெரும்பாலும் 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் இது வரும். தேய்ந்த உலோகத் தூள் முழுவதும் அந்த எண்ணெயில்தான் இருக்கிறது. வடித்த எண்ணெயை வெயிலில் காட்டிப் பாருங்கள். வெள்ளிப்பொடி போல் மினுக்கும். எண்ணெய் மட்டத்தை வண்டியை நேராக நிறுத்தியே பார்க்கவேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கையில் தெரியும் மட்டம் பொய். கார் ஆயில் மிச்சமிருக்கிறதே என்று இதில் ஊற்றிவிடாதீர்கள். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்சும் அதே எண்ணெயில்தான் மூழ்கியிருக்கிறது. கார் ஆயில்கள் பலவற்றில் வழுக்கலுக்காகச் சேர்த்த சரக்குகளால் கிளட்ச் நழுவும்.

செயினைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். மண்ணெண்ணெய் தொட்ட மென்மையான பிரஷ்ஷால் அழுக்கை எடுத்து, துடைத்து, உட்புறத்தில் ஆயில் விடுங்கள். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை போதும், மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம். ஆனால் யந்திரத்தை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுழற்றியே செய்யவேண்டும். ஓடவிட்டுத் துணி பிடித்து விரலை இழந்தவர்கள் உண்டு. செயின் கம்பிபோல் விறைத்திருப்பதும் கூடாது, தொளதொளவென்று ஆடுவதும் கூடாது. எத்தனை மில்லிமீட்டர் என்பது மறுபடியும் அந்தப் புத்தகத்தில்தான்! டயரின் காற்றை ஓடிச் சூடாவதற்கு முன்னால், வாரம் ஒருமுறை பாருங்கள். காற்று வடிகட்டியையும் நம் ஊர்ப் புழுதியை உத்தேசித்து அடிக்கடி கவனிக்க வேண்டும். மற்றதெல்லாம் மெக்கானிக் பார்த்துக்கொள்வார்.

மருமான் முழுவதும் கேட்டுவிட்டு, "தாத்தா மாடிப்படியில் விழுந்ததாக அல்லவா அம்மா சொல்வாள்?" என்றான்.

"அம்மாவுக்கும் அப்படித்தான் தெரியும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் ராமேசுவரம் போகவில்லை. தினமும் காலையில் தனியாக அழகர்கோவில் வரையில் போய்த் திரும்புகிறான். நேற்று டெலிபோனில் கூப்பிட்டு, "310 ஆகிவிட்டது, மாமா" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாவிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டான்.

நானே சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.