ஊர் கூடி எழுதிய நூல் யாருக்குச் சொந்தம்?

ரிங் பிரேமில் முதல் நாள் நின்றபோது, அறுந்த இழையை ஒட்ட உங்களுக்குக் கற்றுக் கொடுத்தது யார்? முதலாளியா? மானேஜரா? இல்லை. பக்கத்து பிரேமில் நின்ற அண்ணன்தான். நாற்றைப் பறித்து முடி கட்டவும், சேற்றில் எவ்வளவு ஆழம் ஊன்ற வேண்டும் என்று பார்க்கவும் சொல்லிக் கொடுத்தது யார்? நிலச் சொந்தக்காரரா? இல்லை. வரிசையில் முன்னே நட்டுக்கொண்டு போன அக்காள்தான். இதற்காக அவர்கள் சம்பளம் கேட்கவில்லை. சொல்லிக் கொடுத்ததனால் அவர்கள் கைத்திறன் குறைந்து போகவும் இல்லை.

உழைப்பாளிகள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் கற்று வந்திருக்கிறார்கள். நெல்லைக் கொடுத்தால் குதிரில் நெல் குறையும். அறிவைக் கொடுத்தால் இரண்டு பேரிடமும் அது இருக்கும்.

நம்முடைய இந்தப் பழைய வழக்கம் இன்று உலகம் தழுவிய பெரிய காரியமாக நடந்து வருகிறது. நம் பிள்ளைகள் செல்போனில் ஏதாவது ஒன்றைத் தேடினால் 'விக்கிப்பீடியா' என்ற பெயர் வந்து நிற்கிறதல்லவா? அதைப் பற்றித்தான் சொல்கிறேன். அது ஒரு கலைக்களஞ்சியம். விளம்பரம் கிடையாது. படிக்கக் காசு கிடையாது. எழுதுகிறவர்களுக்குக் கூலியும் கிடையாது. அதை நடத்தும் ஸ்தாபனம் லாப நோக்கமற்றது. படிப்பவர்கள் தரும் நன்கொடைதான் அதற்குப் பெரிய ஆதாரம். முன்னூறுக்கு மேற்பட்ட மொழிகளில் அது இருக்கிறது.

இது பிறந்த கதையைக் கேளுங்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'நியூபீடியா' என்று ஒரு கலைக்களஞ்சியம் ஆரம்பித்தார்கள். கற்றறிந்த நிபுணர்கள்தான் எழுதலாம். எழுதியது ஏழு படிகள் ஏறிப் பரிசோதனையாகி வெளிவர வேண்டும் என்று விதி. பலன் என்ன? முதலாண்டில் முடிந்த கட்டுரைகள் இருபத்தைந்தைக்கூட எட்டவில்லை. அதே ஆட்கள் 2001 ஜனவரி 15ஆம் தேதி கதவைத் திறந்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றார்கள். முதலாண்டு முடிவதற்குள் சுமார் 20,000 கட்டுரைகள் குவிந்தன!

படித்தவர்கள் வேண்டாம் என்பதா இதன் அர்த்தம்? இல்லவே இல்லை. படித்தவர்களும் வந்தார்கள். ஆனால் தனிப் பந்தியில் அல்ல, எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

"கண்டவனும் எழுதினால் பொய் புகாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பொய் புகத்தான் செய்கிறது. ஆனால் அங்கே ஒவ்வொரு திருத்தமும் கணக்கில் பதிவாகிறது. எந்த வரியை எந்தப் பெயரில், எந்த நாளில் மாற்றினார்கள் என்று எவரும் பார்க்கலாம். தகராறு வந்தால் பக்கத்திலேயே வாதாட இடம் உண்டு. எழுதியதற்கு ஏற்கெனவே வெளியான ஆதாரம் காட்ட வேண்டும். 2005இல் 'நேச்சர்' என்ற விஞ்ஞானப் பத்திரிகை 42 விஞ்ஞானக் கட்டுரைகளை எடுத்து, புகழ்பெற்ற பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தது. கட்டுரை ஒன்றுக்கு விக்கிப்பீடியாவில் சுமார் நான்கு பிழை, பிரிட்டானிக்காவில் சுமார் மூன்று. விலை போட்டு விற்ற சரக்குக்கும் விலையில்லாச் சரக்குக்கும் இருந்த தூரம் அவ்வளவுதான்.

தமிழில் இந்த வேலை 2003இல் தொடங்கியது. ஆசிரியர்களும் மாணவர்களும் என்ஜினீயர்களும், இலங்கைத் தமிழர்களும், கடல் கடந்து வாழும் தமிழர்களும் இரவில் கண் விழித்து எழுதினார்கள். 2017இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. எந்தச் செல்வந்தரும் ஆணையிடவில்லை. ஊர் கூடித் தேர் இழுத்தது, தேர் நகர்ந்தது.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ஊர் கூடி எழுதிய இந்த நூல் யாருக்குச் சொந்தம்?

எல்லோருக்கும் சொந்தம் என்பதே விதி. எடுத்துக்கொள்ளலாம், அச்சடிக்கலாம், விற்கக்கூடச் செய்யலாம். நிபந்தனை இரண்டு. ஒன்று, எழுதியவர்களுக்குரிய மரியாதையைச் சொல்ல வேண்டும். இரண்டு, மாற்றி எழுதி வெளியிட்டால் அதையும் இதே உரிமையோடு பிறருக்குக் கொடுக்க வேண்டும். பொதுவில் எடுத்ததை வேலி போட்டு அடைக்கக் கூடாது.

இந்த விதி எங்கிருந்து வந்தது? மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். 1980ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் புதிய அச்சு இயந்திரம் ஒன்று வந்தது. அதில் காகிதம் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். அங்கே வேலை செய்த ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், சிக்கினால் உடனே எல்லோருக்கும் தகவல் போகும்படி அதன் கட்டளை நிரலைத் திருத்தலாம் என்று பார்த்தார். பழைய இயந்திரத்தில் அப்படிச் செய்து பழக்கப்பட்டவர். ஆனால் நிரலைக் காட்ட மறுத்துவிட்டார்கள். வெளியே கொடுப்பதில்லை என்று ஒப்பந்தமாம்! கண்முன்னே மெஷின் நிற்கிறது. சரிசெய்யத் தெரிந்தவன் நிற்கிறான். தொட உரிமை இல்லை. அந்தக் கோபத்தில் விளைந்ததுதான் கட்டற்ற மென்பொருள் இயக்கம். 1983இல் ஸ்டால்மன் அதை அறிவித்தார். 1989இல் அதற்கு ஓர் உரிமப் பத்திரம் எழுதினார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய 'லினக்ஸ்' அடுத்த ஆண்டே அந்த உரிமத்தின் கீழ் வந்தது. உலகமெங்கும் உள்ளவர்கள் கூடி அதை வளர்த்தார்கள். இன்று நம் சட்டைப் பையில் கிடக்கும் ஆண்ட்ராய்டு போனின் மையப் பகுதி அந்த லினக்ஸ்தான். விக்கிப்பீடியாவும் இந்த வழியிலே வந்த பிள்ளையே.

சரி, விதி நல்ல விதி. நடப்பது என்ன?

ஏரித் தண்ணீரில் பயிர் செய்கிறவன் குடிமராமத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்பது நம் ஊர்களின் பழைய ஏற்பாடு. கரை உயர்த்தவும் வாய்க்கால் தூர் வாரவும் எல்லோரும் மண்வெட்டி எடுத்தார்கள். அதனால்தான் ஏரி நின்றது. இன்று இந்த அறிவு ஏரியில் ராட்சதப் பம்ப்செட் இறக்கியிருக்கிறார்கள் 'செயற்கை நுண்ணறிவு'க் கம்பெனிகள். விக்கிப்பீடியா முழுவதையும் தங்கள் இயந்திரங்களுக்கு ஊட்டிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். 2024 ஜனவரியிலிருந்து 2025 தொடக்கத்திற்குள், படங்களையும் ஒலி, ஒளிப் பதிவுகளையும் இறக்கும் போக்குவரத்து 50 சதவீதம் கூடிவிட்டது என்று விக்கிமீடியா ஸ்தாபனமே சொல்லியிருக்கிறது. கூடியது பெரும்பாலும் மனிதர்களால் அல்ல, கம்பெனிகளின் தானியங்கி இயந்திரங்களால். அந்தச் செலவைத் தாங்குவது யார்? பத்தும் நூறும் அனுப்பும் நன்கொடையாளர்கள்.

இன்னொரு பக்கம், 2025இல் நேரில் வந்து படிக்கும் மனிதர்களின் வருகை முந்திய ஆண்டைவிடச் சுமார் 8 சதவீதம் குறைந்திருப்பதாகவும் அதே ஸ்தாபனம் அறிவித்தது. காரணம் தெரிந்ததுதான். கேள்விக்கு இயந்திரமே பதில் சொல்லிவிடுகிறது. பதில் எங்கிருந்து வந்தது என்று ஆள் தேடுவதில்லை. வருகிறவன் குறைந்தால் திருத்துகிறவன் குறைவான். திருத்துகிறவன் குறைந்தால் ஏரி தூர்ந்துவிடும். அப்புறம் பம்ப்செட்டுக்கும் சேறுதான் மிஞ்சும்.

பெருமளவில் எடுப்பவர்கள் பணம் கட்டுவதற்கென்று 2021இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். சில பெரிய கம்பெனிகள் அதில் சேர்ந்திருக்கின்றன. நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது அவர்கள் மனம் வைத்தால் கொடுப்பது. பொதுச் சொத்தில் இலாபம் எடுப்பவன் மராமத்துப் பங்கு செலுத்துவது தருமமாக இருக்கக் கூடாது. கட்டாயமாக இருக்க வேண்டும். இதுவே நம் அபிப்பிராயம்.

இத்துடன் பேச்சை முடித்துவிட்டால் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். நம்மிடமும் குறை இருக்கிறது. இந்தத் தேரில் உழைப்பாளிகளின் கை எவ்வளவு? மிகக் கொஞ்சம். பெண்களின் கையும் கொஞ்சம்தான். நடவுப் பெண்கள் சொல்லும் வார்த்தைகள், மில் கருவிகளுக்கு நாம் வைத்த பெயர்கள், நம் ஊர் ஏரியின் மதகுக்குரிய பெயர் — இவற்றில் எத்தனை அங்கே ஏறியிருக்கின்றன?

ஆள் இல்லாத இடத்தில் யார் வந்து உட்காருவார்கள் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2009, 2010 ஆண்டுகளில் கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை வைத்துத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏராளமான கட்டுரைகளைச் சேர்த்தது. ஆங்கிலத்திலிருந்து இயந்திரத்தின் உதவியோடு பெயர்த்தவை அவை. நடையும் சரியில்லை, எழுத்துப் பிழையும் மிகுதி, தமிழருக்கு என்ன தேவை என்ற யோசனையும் இல்லை. யார் தட்டிக் கேட்டார்கள்? கூலி வாங்காமல் எழுதி வந்த தொண்டர்கள்தான். "எண்ணிக்கை வேண்டாம், தரம் வேண்டும், எதை எழுதுவது என்று எங்களையும் கேளுங்கள்" என்று நின்றார்கள். கம்பெனி அவர்களோடு பேச வேண்டி வந்தது. வீட்டில் ஆள் இருந்ததனால் கேட்க முடிந்தது. ஆள் இல்லாவிட்டால்?

ஆகவே நாம் உள்ளே போக வேண்டும். கட்டுரை எழுதும் அளவு படிப்பில்லையே என்று தயங்க வேண்டாம். தப்பான எழுத்து ஒன்றைத் திருத்துங்கள்; அதுவும் வேலைதான். ஊர் ஏரியை, பழைய மில் கட்டடத்தை, உள்ளூர் நெல் ரகத்தைப் போனில் படம் எடுத்து ஏற்றுங்கள். 'விக்சனரி' என்ற அகராதியில் தொழில் வார்த்தை ஒன்றைச் சேர்க்கப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்தில் நாலு பேர் உட்காருங்கள். வயதான தோழர் சொல்லட்டும், படிக்கிற பெண் தட்டெழுதட்டும். எங்கும் வெளியாகாத செய்தியை விக்கிப்பீடியா ஏற்காது. அதனால் சங்கங்கள் தங்கள் வரலாற்றை மலராக, சிறு நூலாக அச்சிட்டு வையுங்கள். நோட்டீசும் ஒப்பந்தமும் கரையானுக்குப் போகாமல் பாருங்கள்.

சர்க்காரிடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரி வசூலாகிறது. அந்தப் பணத்தில் ஒவ்வொரு கிளை நூலகத்திலும், ஊர்ப்புற நூலகத்திலும் வேலை செய்கிற கம்ப்யூட்டரும் இலவச இணையமும் வையுங்கள். ரீசார்ஜ் தீர்ந்த அன்றைக்குக் கூலிக்காரன் வீட்டுப் பிள்ளையின் படிப்பும் தீர்ந்து போகக் கூடாது.

பக்கத்து பிரேமில் நின்ற அண்ணன் அன்று நமக்குச் சும்மா கற்றுக் கொடுத்தார். அந்தக் கடனை நாம் அவருக்குத் திருப்பித் தர முடியாது. அடுத்தவனுக்குக் கற்றுக் கொடுத்துத்தான் தீர்க்க முடியும். தேர் வடத்தில் நமக்கும் ஒரு பிடி இருக்கிறது. வாருங்கள் தோழர்களே, பிடிப்போம்!