செப்புத் தகட்டில் செதுக்கிய ராஜதந்திரம்

கம்பம் பள்ளத்தாக்கில் கர்னல் பென்னி குயிக்கின் படம் இல்லாத ஊரைக் காண்பது அரிது. 1895-ல் பெரியாற்று அணையைக் கட்டி முடித்து, மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே திருப்பியவருக்கு உழவர்கள் செலுத்தும் நன்றி அது. 2013-ல் லோயர் கேம்பில் மணிமண்டபமும் எழுந்தது. அந்த நன்றியை நாம் குறை கூறோம். ஆயினும், ஜனங்கள் அன்பினால் மாட்டும் படம் வேறு; அதிகாரம் தன் பொருட்டுப் பரப்பும் படம் வேறு. இப்பள்ளத்தாக்கின் தலைவிதி இரண்டாம் வகைப் படமொன்றில் மறைந்து கிடக்கிறது.

புகைப்படம் தோன்றாத 18-ஆம் நூற்றாண்டில், ஓவியன் தீட்டிய படம் ஒரு மாளிகைச் சுவரோடு நின்றுவிடும். அதையே செப்புத் தகட்டில் செதுக்கி, மை பூசி, தாளை வைத்து அழுத்தினால் நூற்றுக்கணக்கான பிரதிகள் கிடைக்கும். இந்த வித்தையின் பலத்தை அரசியல்வாதிகள் விரைவில் கண்டுகொண்டனர். 1763-ல் ஹோகார்த், மந்திரிகளை எதிர்த்த ஜான் வில்க்ஸின் மாறுகண்ணைப் பரிகசித்துச் செதுக்கி லண்டனில் விற்றார். இகழவும் புகழவும் ஒரே தகடு போதுமானதாயிற்று.

நம் நாட்டில் நடந்தது என்ன? 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான், பாதி ராஜ்யத்தையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க இசைந்தார். அதற்குப் பிணையாகத் தம் புதல்வர் இருவரைக் கார்ன்வாலிஸ் பிரபுவிடம் ஒப்புவித்தார். இக்காட்சியைப் படையுடன் சென்றிருந்த ராபர்ட் ஹோம் வரைந்தார். இந்தியாவையே காணாத மேதர் பிரௌனும் லண்டனிலிருந்தபடி வரைந்தார். செதுக்குப் படங்களாக இக்காட்சி இங்கிலாந்தில் பரவிற்று. படத்தில் நாம் காண்பது என்ன? பாலகர்களைக் கைநீட்டி வரவேற்கும் கருணைத் தந்தை! 1781-ல் அமெரிக்காவின் யார்க்டவுனில் படையோடு சரணடைந்த அதே கார்ன்வாலிஸ்தான் அவர். தோல்வியின் கறையைத் துடைக்கவும், கும்பெனியின் மண்ணாசைக்கு அன்பின் முகமூடி இடவும் அப்படம் உதவிற்று.

படத்தில் இல்லாதது எது? திண்டுக்கல் சீமை! அவ்வுடன்படிக்கையால் கும்பெனி அடைந்த நிலங்களில் அதுவும் ஒன்று; போடிநாயக்கனூர், கம்பம் முதலிய பாளையங்கள் அதைச் சேர்ந்தவை. பிள்ளைகள் இருவரும் 1794-ல் தந்தையிடம் திரும்பினர். நிலம் திரும்பவில்லை. குடிகளை எவரும் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்திலுள்ள கார்ன்வாலிஸ் சிலையின் பீடத்தில் அதே காட்சியை இன்றும் காணலாம். பார்த்துத் திரும்புவோரில் எத்தனை பேர் கம்பத்தை நினைப்பர்?

படங்களைக் கிழித்தெறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. படத்தில் விடுபட்டவர் யார் என்று கேட்கும் பழக்கம் வேண்டும் என்கிறோம். தேனி ஜில்லாப் பள்ளிகளில் பிணைப் பிள்ளைகளின் படத்தருகே அவ்வுடன்படிக்கையின் ஷரத்துகளும், திண்டுக்கல் சீமையின் வரைபடமும் தொங்கட்டும். பென்னி குயிக்கின் படத்தருகே, அணை வேலையில் மலைக்காய்ச்சலுக்குப் பலியான கூலிகளுக்கும் ஓரிடம் வேண்டும். அவர்களுடைய முகத்தை எவரும் செதுக்கி வைக்கவில்லை. வயலில் பாயும் நீரில் அவர்களுக்கும் பங்கு உண்டென்பதை நம் பிள்ளைகளேனும் அறியட்டும்.